ரேடியேட்டருக்குப் பச்சைத் தண்ணீர் போதுமா?

நமது உறுப்பினர்களில் பலர் இன்று சொந்தமாகச் சிறு சரக்கு வண்டியோ காரோ வைத்திருக்கிறார்கள். மொத்த வியாபாரம் 1996-ல் கோயம்பேட்டுக்கு மாறும் முன், கொத்தவால்சாவடிக்கு நாம் அம்பாசிடரில் போய்வந்த நாட்களில் டிக்கியில் எப்போதும் ஒரு கேன் தண்ணீர் இருக்கும். கொதித்தால் ஊற்றுவோம், வண்டி கிளம்பிவிடும். அந்தப் பழக்கமே சென்ற கோடையில் நமக்கு நஷ்டத்தை உண்டாக்கியது.

தாம்பரத்திலிருந்து கூடுவாஞ்சேரிக்குச் சரக்குடன் சென்ற நமது வண்டி பெருங்களத்தூர் நெரிசலில் சூடேறி நின்றது. ஹெட் கேஸ்கட் போயிற்று. ரேடியேட்டரைக் கழற்றினால் குழாயெல்லாம் உப்புக் காரை. மூன்று வருடமாகக் கிடங்கின் போர் தண்ணீரையே ஊற்றி வந்திருக்கிறோம். கூலன்ட் வாங்கித் தராதது நாம்தான். டிரைவர் தம்பியைக் குறை சொல்லிப் பயனில்லை. பத்து நாள் வாடகை வண்டியில் லைன் ஓட்டினோம்.

பனி உறையும் நாடுகளுக்குத்தானே கூலன்ட் என்று கேட்பவர் உண்டு. அப்படியல்ல. அதில் உள்ள எத்திலீன் கிளைக்கால் கொதிநிலையையும் உயர்த்துகிறது. தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். பாதிக்குப் பாதி கலவை சுமார் 107 டிகிரியில்தான் கொதிக்கும். மூடி தரும் அழுத்தத்தில் இன்னும் மேலே போகும். அதைவிட முக்கியம், துருவும் காரையும் பிடிக்காமல் காக்கும் மருந்து அதில் கலந்திருப்பது. இக்கால வண்டிகளின் ரேடியேட்டர் பெரும்பாலும் அலுமினியம். உப்புத் தண்ணீர் அதை அரித்துவிடும்.

மாற்றும் முன் என்ஜின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். சூட்டில் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். கீழ்த் திருகையோ கீழ் ஹோஸையோ கழற்றிப் பழையதை வடித்து, நல்ல தண்ணீர் விட்டு அலசுங்கள். கெட்டியான கூலன்ட் என்றால் டிஸ்டில்டு வாட்டர் சேர்க்க வேண்டும். கலந்தே வருவதில் சொட்டுத் தண்ணீரும் கூடாது. நிறத்தைப் பார்த்து வாங்காமல் வண்டிப் புத்தகத்தில் சொன்ன வகையை வாங்குங்கள். மெதுவாக ஊற்ற வேண்டும். அவசரப்பட்டால் உள்ளே காற்று அடைத்துக்கொண்டு, நிறைந்தது போலக் காட்டி ஏமாற்றும். ரேடியேட்டரில் மூடி உள்ள வண்டியானால், ஊற்றிய கையோடு மூடியைத் திறந்தபடியே என்ஜினை ஐடிலில் ஓட விடுங்கள். ஹீட்டர் இருந்தால் அதையும் சூட்டில் வையுங்கள். சற்று நேரத்தில் தெர்மோஸ்டாட் திறந்து, குமிழி வந்து மட்டம் இறங்கும். குறைந்ததை ஊற்றிக் குமிழி நின்றபின் மூடுங்கள். பக்கத் தொட்டியில் இரண்டு கோட்டுக்கு நடுவே இருந்தால் சரி. மறுநாள் காலை, வண்டியை எடுக்கும் முன் மட்டத்தை மீண்டும் பாருங்கள்.

மளிகைக்காரர்களான நமக்கு இன்னொன்று. இது இனிக்கும் விஷம். குடித்தால் சிறுநீரகம் கெடும், உயிரே போகும். சர்பத் பாட்டிலில் மாற்றி வைப்பதோ, எண்ணெய் டின்களோடு அடுக்குவதோ ஆகவே ஆகாது. தப்பித் தவறி யாராவது குடித்துவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். வடித்ததைச் சாக்கடையிலோ ஏரிக்கரையிலோ கொட்டாமல், கேனில் அடைத்து ஒர்க்ஷாப்பில் கேட்டுக் கொடுத்துவிடுங்கள்.