நிற்பதுபோல் ஓடும் இழைகள்

சென்னைக் கப்பல் ஹேடோ துறையில் அணைவதை நம்மில் பலரும் பார்த்திருக்கிறோம். எஞ்சினை நிறுத்திய பிறகும் கப்பல் தன் போக்கில் நகரும். இழுவைப் படகுகள்தான் அதை அடக்க வேண்டும். நிற்பதை நகர்த்தவும் நகர்வதை நிறுத்தவும் பொருள் காட்டும் இந்தப் பிடிவாதமே நிலைமம். நிறையை வேகத்தால் பெருக்கினால் உந்தம். ரயில்வேயில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்த இரண்டோடும் மல்லுக்கட்டியவன் நான். (ரயிலே இல்லாத தீவில், டாலிகஞ்சில், இப்போது குடியிருப்பது வேறு விஷயம்!)

பிடிவாதம் எங்கிருந்து வருகிறது? 'ஒரு பொருளின் நிலைமம் அதில் அடங்கிய ஆற்றலைப் பொறுத்ததா?' என்பது 1905-ல் ஐன்ஸ்டீன் எழுதிய மூன்று பக்கக் கட்டுரையின் தலைப்பு. ஆம் என்பது அவர் விடை. புரோட்டானின் நிறையில் குவார்க்குகளின் சொந்த நிறை நூற்றில் ஒரு பங்கு அளவுதான். மீதியெல்லாம் அவற்றின் ஓட்டமும் கட்டிவைத்திருக்கும் விசையின் ஆற்றலும்.

ஸ்டிரிங் தியரி என்னும் இழைக் கொள்கை இதை அடிவரை கொண்டுபோகிறது. துகள்கள் புள்ளிகள் அல்ல, அதிரும் நுண்ணிய இழைகள். நாமறிந்த மூன்று திசைகள் போக, சுருண்டு மறைந்த திசைகளும் உண்டு என்கிறது. மலைமேலிருந்து பார்த்தால் தூரத்து வட்டத் தண்டவாளம் ஒரு புள்ளிதான். அதில் வண்டி சுற்றி ஓடினாலும் நமக்கு நிற்பதாகவே படும். ஆனால் அந்த ஓட்டத்தின் ஆற்றல் எங்கும் போகாது. நிறையாக நம் கணக்கில் வந்து சேரும். மறைந்த திசையின் உந்தம் இங்கே நிலைமமாகத் தெரிகிறது.

இந்த உந்தம் முழு எண் படிகளில்தான் ஏறும். வட்டம் சிறுக்கச் சிறுக்கப் படி உயரும். புள்ளித் துகளுக்கு அதோடு சரி. இழைக்கு இன்னொரு வசதி உண்டு. கம்பத்தில் கயிறு சுற்றுவதுபோல் வட்டத்தைச் சுற்றிக்கொள்ளலாம். அப்போது வட்டம் பெருத்தால்தான் ஆற்றல் கூடும். இந்த இரண்டையும் இடம் மாற்றிப் பாருங்கள்: இழையின் அளவுகோலில் பத்தில் ஒரு பங்கு ஆரமுள்ள வட்டமும் பத்து மடங்கு ஆரமுள்ள வட்டமும் ஒரே நிறைப் பட்டியலைத் தருகின்றன! ஜப்பானியர்கள் கிக்காவாவும் யமசாகியும் 1984-ல் கண்டது இது. இழையால் அளந்தால், ஓர் எல்லைக்குக் கீழே 'இன்னும் சிறியது' என்பதற்கே பொருளில்லை. இந்தக் கொள்கையில் என் மனத்துக்கு மிகப் பிடித்த இடம் இதுதான்.

கொல்கத்தாவில் பிறந்த அசோக் சென், உந்தமும் சுற்றும் ஏராளமாக உள்ள இழையைக் கருந்துளையாகக் கருதி 1995-ல் ஒரு கணக்குப் போட்டார். இழை எத்தனை விதமாக அதிரலாம் என்று எண்ணி லாகரிதம் எடுத்தால் வரும் விடையும், கருந்துளையின் விளிம்புப் பரப்பு தரும் விடையும், ஒரு பெருக்கெண் நீங்கலாக, ஒத்துப்போயின. 2012-ல் அவருக்கு முப்பது லட்சம் டாலர் அடிப்படை இயற்பியல் பரிசு கிடைத்தது.

ஆனால் லோடு டெஸ்ட் செய்யாமல் பாலத்தில் வண்டி விடுவதில்லை. 1968-ல் வெனிசியானோவின் சூத்திரத்தில் முளைத்த இந்தக் கொள்கைக்கு இன்றுவரை நேரடிச் சோதனை ஆதாரம் இல்லை. ஜெனீவாவின் ராட்சத மோதுவானும் அத்தனை நுண்மையை எட்டாது. வெறும் கணிதம் என்று தள்ளுவோர் கட்சியில் நான் இல்லை. சான்றிதழில் கையெழுத்துப் போடவும் மாட்டேன்.

பிள்ளைகளை எஞ்சினீயரிங், மெடிக்கல் என்ற இரண்டே தண்டவாளங்களில் ஓட்டும் பெற்றோருக்கு ஒரு தகவல். 1962-ல் தொடங்கிய, சென்னை தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்திலும், சென் பணியாற்றும் பெங்களூர் சர்வதேசக் கோட்பாட்டு அறிவியல் மையத்திலும் இந்த ஆராய்ச்சி நடக்கிறது. எம்.எஸ்ஸி. இயற்பியலுக்குப் பின் ஜெஸ்ட் தேர்வு எழுதி விண்ணப்பிக்கலாம். ஆராய்ச்சி மாணவர்களுக்கு உதவித்தொகை உண்டு.