கம்பார் மேட்டுக்குச் சைக்கிளில் போவோம்

“லீவு கெடச்சா மட்டும் எங்கங்க போறது? வீட்டுலதான் படுத்துக் கெடக்கணும்” என்று சலித்துக்கொள்வோர் நம் தோட்டப்புறங்களில் பலர். சம்பளத்தோடு கூடிய ஆண்டு விடுமுறை யாரும் இரக்கப்பட்டுக் கொடுப்பதல்ல. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் தந்த உரிமை அது. ஒரே முதலாளியிடம் வேலை செய்தது இரண்டு ஆண்டுக்குக் குறைவென்றால் 8 நாள், இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் 12, ஐந்தைத் தொட்டுவிட்டால் 16. அதில் இரண்டே நாளை எடுத்து, கொட்டகையில் கிடக்கும் சைக்கிளைத் துடைத்துக்கொண்டு பேராக் மாநிலத்துக் கம்பாருக்கு ஒரு நடை போய்வரலாம் என்கிறோம்.

ஏன் கம்பார்? ஈப்போவுக்குத் தெற்கே ஏறக்குறைய 40 கிலோமீட்டரில், புஜாங் மலாக்கா மலையடிவாரத்தில் இருக்கிறது இவ்வூர். 1941 டிசம்பர் 30 முதல் 1942 ஜனவரி 2 வரை, தெற்கே இறங்கி வந்த ஜப்பானியர்களை இங்குள்ள மேடுகளில் நான்கு நாள் தடுத்து நிறுத்தினார்கள். கிரீன் ரிட்ஜ், தாம்சன் ரிட்ஜ், செமட்டரி ரிட்ஜ் என்று அந்த மேடுகளுக்குப் பெயர்.

“அது வெள்ளைக்காரன் சண்டை, நமக்கென்ன?” என்று கேட்கும் பிள்ளைகளுக்குத்தான் முக்கியமாக இதைச் சொல்கிறோம். அங்கே நின்றது 11ஆவது இந்தியப் படைப்பிரிவு. ஜித்ராவில் அடிபட்ட இரண்டு வெள்ளைக்காரப் பட்டாளங்களை ஒன்றாக்கிய ‘பிரிட்டிஷ் பட்டாலியன்’ ஒரு பக்கம்; பஞ்சாப் வீரர்களும் கூர்க்காக்களும் மறுபக்கம். கடைசிக் கட்டத்தில், பறிபோன பதுங்கு குழிகளை மீட்கக் கேப்டன் கிரஹாம் தலைமையில் பஞ்சாப் பட்டாளத்துச் சீக்கியர்கள் துப்பாக்கி முனையில் கத்தியைச் செருகிக்கொண்டு மேட்டில் பாய்ந்தார்கள். குழிகளை மீட்டார்கள். ஆனால் கிரஹாம் கால்கள் சிதைந்து மாண்டார். அவரோடு போனவர்களில் பலர் திரும்பவில்லை. அந்த மேடு கடைசிவரை சண்டையில் விழவில்லை. ஜப்பானியர் கடல் வழியாக வந்து, அன்று தெலுக் ஆன்சன் என்றிருந்த தெலுக் இந்தான் பக்கம் கரையேறி, முதுகுப்புறம் வளைத்ததால்தான் பின்வாங்க வேண்டியதாயிற்று. ஐந்தாம் நாளே, ஜனவரி 7இல், சிலிம் ரிவரில் எல்லாம் நொறுங்கிப் போனது.

வந்தவர்களில் ஆயிரக்கணக்கானோர் வந்தது சைக்கிளில்! சாலையில் பாலம் உடைந்திருந்தால் சைக்கிளைத் தோளில் போட்டு ஆற்றைக் கடந்தார்கள். சாலை அடைபட்டால் ரப்பர் தோட்டத்து மண் பாதையில் புகுந்தார்கள். வெயிலில் டயர் வெடித்தால் வெறும் ரிம்மிலேயே ஓட்டினார்கள். இரவில் அந்தக் கடகடச் சத்தம் டாங்கி வருவதுபோல் கேட்டதாம். போருக்கு முன்பே ஜப்பான் சைக்கிள்கள் இங்கு விற்பனையில் இருந்ததால் உதிரிப்பாகத்துக்கும் பஞ்சமில்லை. அந்த மண் பாதைகளில் காலையில் பால்வாளியோடு நடந்தவர்கள் நம் பாட்டன் பாட்டிமார். அடுத்த ஆண்டுகளில் சயாம் மரண ரயில் பாதைக்கு ஏற்றிச் செல்லப்பட்ட பல்லாயிரம் தமிழர்களும் அவர்கள் கூட்டமே.

கம்பாரில் ரயில் நிலையம் உண்டு. முழுச் சைக்கிளை ரயிலில் ஏற்ற விடுவார்களா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். நாலைந்து பேர் சேர்ந்தால் ஒரு சின்ன லோரியே போதும். முதல் நாள் விடியலில் மேட்டுக்குப் போங்கள். பதுங்கு குழிகளின் தடம் இன்னும் தெரிகிறது. மழையும் வேரும் தூர்த்துக்கொண்டே வருகின்றன. அட்டை உண்டு, நீளக் காலுறை போடுங்கள். அவ்வூர் ஆசிரியர் சாய் கூய் லூங் பிரிட்டிஷ் பட்டாலியனைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். நம் பிள்ளைகளில் யாராவது இந்திய வீரர்களைப் பற்றி அப்படி எழுதினால் என்ன?

வெயில் தாழ்ந்தபின் மாலிம் நாவார் பக்கம் மிதிக்கலாம். சமதரை, மூச்சு வாங்காது. பழைய ஈய லம்பங்கள் குளங்களாகிக் கிடக்கின்றன. அழகாக இருக்கிறதென்று பிள்ளைகளை இறங்க விடாதீர்கள். ஓரத்திலேயே ஆள் மூழ்கும் ஆழம்.

இரண்டாம் நாள் கொஞ்சம் கடுமை. பெரிய சாலையில் வடக்கே கோப்பெங், அங்கிருந்து பத்து காஜா சாலையில் கெல்லி அரண்மனை. போக வரப் பழைய கணக்கில் 35 கட்டை தேறும். பெரிய சாலையில் லோரிகள் பறக்கும், ஆகவே இருட்டு விலகியதும் கிளம்பி வரிசையாகப் போங்கள். வழியில் குவா தெம்புரோங் குகை இருக்கிறது. அரண்மனையைப் பேய் வீடு என்று காட்டிக் காசு பார்க்கிறார்கள். நமக்கு அதில் அக்கறையில்லை. ரப்பர் தோட்ட முதலாளி வில்லியம் கெல்லி ஸ்மித், தமிழ்நாட்டிலிருந்து ஆட்களை வரவழைத்துக் கட்டிய கட்டடம் அது. முதல் உலகப் போரை ஒட்டிப் பரவிய விஷக் காய்ச்சலில் அந்தத் தொழிலாளர்களில் பலர் மாண்டார்கள். 1926இல் அவரும் லிஸ்பனில் இறந்துபோக, வீடு முடியாமலே நின்றுவிட்டது. சற்றுத் தள்ளி அந்தத் தொழிலாளர்களின் மாரியம்மன் கோயில். கூரையில் சாமி சிலைகளுக்கு நடுவே தொப்பி வைத்த ஒரு துரை நிற்கிறார், தேடிப் பாருங்கள்!

புறப்படுமுன் பிரேக், சங்கிலி இரண்டையும் சரிபாருங்கள். ஒட்டுத்துண்டு, பசை, காற்றடிக்கும் பம்பு, ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீர், மழைச்சட்டை வேண்டும். பின்னேர மழை அந்தப் பக்கத்தில் சொல்லாமல் வரும். விடுமுறைக்கு எழுதிக் கொடுப்பதை மட்டும் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். இரண்டு வாரம் முன்பே ஆபீசில் கொடுத்து, நகல் ஒன்றைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.