கொள்கை ஆய்வு பழக டெல்லிக்குத்தான் போக வேண்டுமா?

கல்விக் கொள்கை ஆய்வில் பயிற்சி பெற நினைக்கும் முதுகலை மாணவர் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது நிதி ஆயோக்கின் இன்டர்ன்ஷிப். ஆறு வாரம் முதல் ஆறு மாதம் வரை அங்கே வேலை பார்க்கலாம். உதவித்தொகை கிடையாது, லேப்டாப்பையும் சொந்தமாகக் கொண்டுபோக வேண்டும். முதுகலை மாணவர் என்றால் இளங்கலையில் 70 விழுக்காடு மதிப்பெண் வேண்டும் என்பது எழுதி வைத்த தகுதி. டெல்லியில் அறை எடுத்து மூன்று மாதம் சாப்பிட வீட்டில் பணம் வேண்டும் என்பது எழுதாத தகுதி. பல வீடுகளில் பேச்சு அதோடு முடிந்துவிடும். இப்படி விடுபட்டுப் போகிறவர்கள் பெரும்பாலும் அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்கள். அவர்கள் இல்லாமல் எழுதப்படும் ஆய்வில் எதைப் பார்க்கத் தவறுகிறோம் என்பதைப் படப்பையை வைத்து யோசிக்கலாம்.

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் இருக்கும் படப்பை, கணக்கில் காஞ்சிபுரம் மாவட்டம், குன்றத்தூர் வட்டம். பிழைப்போ தாம்பரத்தோடும் ஒரகடம் சிப்காட்டோடும். கார், மோட்டார் சைக்கிள், லாரித் தொழிற்சாலைகள் ஒரகடத்துக்கு வந்த பிறகு வெளிமாநிலத் தொழிலாளர்களும் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தார்கள். இப்படிப்பட்ட ஊரில் வாசிப்புத் திறனை எப்படி அளப்பது? பிரதம் அமைப்பு 2005 முதல் நடத்தும் ‘அசர்’ ஆய்வில் குழந்தையின் வீட்டுக்கே போய் ஒரு தாளை நீட்டுவார்கள். முதலில் சிறு பத்தி. தடுமாறினால் தனிச் சொற்கள். ஐந்து சொல்லில் நான்கு தேறாவிட்டால் வெறும் எழுத்துகள். ஒடியா பேசும் வீட்டுப் பிள்ளை தமிழ்ச் சொல்லில் திணறினால், வாசிக்கவே தெரியவில்லையா, தமிழ்தான் இன்னும் பழகவில்லையா? படிவத்தில் விழும் டிக் இதைச் சொல்லாது. தாயிடம் நாலு வார்த்தை பேசி, ஆசிரியரையும் கேட்டு, மறுவாரம் திரும்பப் போய்ப் பார்க்கிறவருக்குத்தான் தெரியும். டெல்லியிலிருந்து வருகிறவரால் அது ஆகாது. தாம்பரத்துக் கல்லூரி மாணவருக்கு ஒரு பஸ் தூரம்.

திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பதற்கு என்ன மதிப்பு என்பதைக் கொரோனாவுக்குப் பிந்தைய தமிழகமே காட்டியது. இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 2018-இல் 10.2 விழுக்காடு, 2022-இல் 4.8 என்றது அசர். இந்த எண்ணோடு நின்றிருந்தால் பதறுவதைத் தவிர வழியில்லை. பொருளாதார ஆய்வாளர்கள் கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், மொரிசியோ ரொமேரோ மூவரும் சுமார் 19,000 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். பள்ளி திறந்த ஆறு மாதத்தில், விட்டதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. அந்த மீட்சியில் கிட்டத்தட்ட கால் பங்கு தமிழக அரசின் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தால் வந்தது என்று கண்டார்கள். மாதம் 1,000 ரூபாய் வாங்கிக்கொண்டு மாலை நேரத்தில் சொல்லிக்கொடுத்த தன்னார்வலர்களின் உழைப்புக்கு அப்போதுதான் ஒரு கணக்குக் கிடைத்தது. இம்மாதிரி ஆய்வுக்கு வேண்டியது, வீடு வீடாகப் போகும் நிறைய ஆட்கள்.

அந்த வேலையை உள்ளூர்க் கல்லூரி மாணவர்களிடமே கொடுக்கலாம். மாணவர் எடுக்கும் தரவை நம்ப முடியுமா என்பார்கள். அசரே உள்ளூர்க் கல்லூரி மாணவர்களையும் பயிற்சி ஆசிரியர்களையும் வைத்துத்தான் நடக்கிறது. ஒரு பகுதி ஊர்களில் மறுபடி போய்ச் சரிபார்க்கிறார்கள். இந்த ஆட்சேபம் பெரிதில்லை. மலிவுக் கூலிக்கு மாணவரைப் பிடிக்கும் வேலை இது என்பதுதான் கனமான ஆட்சேபம், நியாயமும் கூட. அதனால்தான் உதவித்தொகை கட்டாயம். தமிழக அரசுக்கு இது புதிதுமில்லை: 2022-இல் தொடங்கிய முதல்வரின் புத்தாய்வுத் திட்டத்தில் மாதம் 50,000 ரூபாயும் கூடுதலாக 10,000 ரூபாயும் தந்தார்கள். ஆனால் அது முப்பது பேருக்கு, அரசுத் துறைகள் பலவற்றுக்கும் பொதுவாக, படிப்பை முடித்தவர்களுக்கு. படித்துக்கொண்டிருப்பவருக்கு அதில் சிறு பங்கு போதும், பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் கைக்காசைத் தொடாத அளவுக்கு. குறை கண்டுபிடிக்க வருகிறவரைப் பள்ளிக்கூடம் உள்ளே விடுமா என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. தலைமையாசிரியர்கள் தயங்கத்தான் செய்வார்கள். பள்ளியின் பெயரை வெளியிடுவதில்லை, அறிக்கை முதலில் அந்தப் பள்ளிக்கே போகும் என்று எழுதிக் கொடுத்தால் தயக்கம் பாதி குறையும்.

நீதிபதி முருகேசன் குழுவின் பரிந்துரைகளைக் கொண்டு உருவான மாநிலக் கல்விக் கொள்கை 2025 ஆகஸ்ட் 8 அன்று வெளியானது. அது வகுப்பறையில் என்ன ஆகிறது என்று பார்க்க ஆள் வேண்டும். இரண்டாண்டு பி.எட். படிப்பில் இருபது வாரம் பள்ளியில் கழிகிறது. பாடம் நடத்துகிறார்கள், ரெக்கார்டு எழுதுகிறார்கள், ஆய்வுக் கேள்வி ஒன்றை யாரும் கொடுப்பதில்லை. எம்.எட். மாணவர்களின் ப்ராஜெக்ட் பைண்டு செய்யப்பட்டு அலமாரிக்குப் போகிறது. காரப்பாக்கத்தில் இருக்கும் ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் அந்த ப்ராஜெக்ட்டுக்குப் பதிலாக, உதவித்தொகையோடு ஒரு பருவக் கள ஆய்வை ஏற்றுக்கொள்ளட்டும். குன்றத்தூர் ஒன்றியத்திலிருந்தே தொடங்கலாம். அறிக்கையை வட்டாரக் கல்வி அலுவலர் படித்துப் பதில் எழுத வேண்டும் என்ற ஒரு விதியும் சேரட்டும். இந்த ஆண்டு ப்ராஜெக்ட் தலைப்பு தேடிக்கொண்டிருக்கும் மாணவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். உங்கள் துறைத் தலைவரிடம் இப்போதே கேளுங்கள்.