குற்றச்சாட்டும் பணியுரிமையும்: விளையாட்டுத் துறையை முன்வைத்து ஒரு நோக்கு

குற்றம் மெய்ப்பிக்கப்படும் வரை ஒருவரைக் குற்றமற்றவராகவே கொள்ளவேண்டும் என்பது குற்றவியல் சட்டத்தின் அடிப்படை நெறியாகும். 1948ஆம் ஆண்டின் அனைத்துலக மனித உரிமைப் பிரகடனத்தின் 11ஆம் விதியும் இதனை வலியுறுத்துகிறது. எனினும், இந்நெறி முதன்மையாக அரசையும் நீதிமன்றத்தையுமே கட்டுப்படுத்துவது. விளையாட்டு வீரர் ஒருவர்மீது கடுங்குற்றச்சாட்டு எழும்போது, அவரைப் பணியமர்த்திய கழகம் எந்நெறிக்குக் கட்டுப்பட்டது என்பதே நாம் ஈண்டு ஆராயும் வினா.

இங்கிலாந்தின் பணிச்சட்டம் இதற்கென வேறோர் அளவுகோலைக் கொண்டுள்ளது. 1978ஆம் ஆண்டின் பர்செல் வழக்கின்படி, ஊழியரை நீக்கும் முதலாளி குற்றத்தை ஐயந்திரிபற நிறுவ வேண்டுவதில்லை. ஊழியர் தவறிழைத்தார் என உண்மையாகவே நம்புதல், அந்நம்பிக்கைக்குத் தக்க சான்று இருத்தல், முறையாக விசாரித்திருத்தல் ஆகிய மூன்றும் வேண்டப்படும். ஆகவே, நீதிமன்றத் தீர்ப்புக்கு முன்னரே பணிமுடிவு எடுத்தல் தன்னளவில் அநீதியாகாது.

ஆயினும், அம்முடிவுக்கும் எல்லையுண்டு. மான்செஸ்டர் சிட்டி காற்பந்து வீரர் பெஞ்சமின் மெண்டி மீது 2021 ஆகஸ்ட்டில் பாலியல் வன்கொடுமைக் குற்றங்கள் சாட்டப்பட்டன. கழகம் அவரை இடைநீக்கம் செய்தது. செப்டம்பரிலிருந்து ஊதியத்தையும் நிறுத்தியது. 2023 ஜூனில் ஒப்பந்தம் முடிவுற்றது; எஞ்சிய குற்றச்சாட்டுகளிலிருந்தும் அவர் விடுவிக்கப்பட்டது அதற்கடுத்த மாதமே. 2024 நவம்பரில் தொழில் தீர்ப்பாயம், நிறுத்தப்பட்ட ஊதியத்தின் பெரும்பகுதி அவருக்கு உரியது எனத் தீர்ப்பளித்தது.

இத்தீர்ப்பின் காரணம் நுணுகி நோக்கத்தக்கது. விடுதலை பெற்றமைக்கான பரிசாக அவ்வூதியம் வழங்கப்படவில்லை. காவலுக்கு வெளியே இருந்த காலத்தில் அவர் பணியாற்ற ஆயத்தமாக இருந்தார்; பிணை நிபந்தனைகளும் காற்பந்துச் சங்கத்தின் தடையும் அவர் விரும்பி ஏற்றவையல்ல; ஊதியத்தை நிறுத்த ஒப்பந்தமும் இடமளிக்கவில்லை. காவலில் இருந்த ஏறத்தாழ ஐந்து மாதங்களுக்கோ ஊதியத்தை நிறுத்தக் கழகத்துக்கு உரிமை இருந்தது எனத் தீர்ப்பாயம் கண்டது.

இதனின்று நாம் பெறும் தெளிவு ஒன்று. ஆடுகளத்திலிருந்து விலக்குதலும் வாழ்வூதியத்தை மறுத்தலும் வெவ்வேறு முடிவுகள். முன்னது, முறையிட்டோரின் பாதுகாப்பையும் கழகத்தின் நற்பெயரையும் கருதி எடுக்கப்படும் இடைக்கால ஏற்பாடு. பின்னது, ஒப்பந்த ஆதாரமின்றிச் செய்யப்படுமாயின், தீர்ப்புக்கு முந்திய தண்டனையாகிவிடும். குற்றஞ்சாட்டுவோரின் குரலைச் செவிமடுப்பதற்கு, குற்றஞ்சாட்டப்பட்டோரின் உரிமையைப் பறிக்கவேண்டிய தேவை இல்லை. விசாரணைக் காலத்து ஊதியம், விலக்கம் ஆகியவற்றை ஒப்பந்தத்திலேயே முன்கூட்டித் தெளிவாக வரையறுப்பதே இருசாராருக்கும் நீதி பயக்கும் வழி எனலாம்.