மூத்தவளுக்குத் தெரியவில்லை, இளையவளுக்கு விசாரித்தேன்!

நான் ஒரு சாதாரண குடும்பத் தலைவி. வட சென்னையில் வசிக்கிறோம். என்னவருக்கு தனியார் கம்பெனியில் வேலை, இரண்டு பெண்கள். மூத்தவளை 2015ல் ஆறாம் வகுப்பில், அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் சேர்த்தோம். "அதுவும் கவர்மென்ட் பள்ளி மாதிரிதானே' என்பது எங்கள் நினைப்பு. அவளும் நன்றாகவே படித்து, 2022ல் பிளஸ் 2 முடித்தாள்.

இன்ஜினியரிங் கவுன்சிலிங்கின்போதுதான் வித்தியாசம் புரிந்தது. மாநகராட்சிப் பள்ளியில் படித்த எதிர் வீட்டுப் பெண்ணுக்கு, என் மகளை விட கட்-ஆப் குறைவு. ஆனாலும் நல்ல கல்லூரியில் இடம் கிடைத்தது. படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே ஏற்றுக் கொண்டது. ஆறு முதல் பிளஸ் 2 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு, 7.5 சதவீத இட ஒதுக்கீடு, 2020ல் மருத்துவத்துக்கும், 2021ல் இன்ஜினியரிங் போன்ற படிப்புகளுக்கும் வந்து விட்டது. மாநகராட்சிப் பள்ளியும் இதில் சேர்த்தி; உதவி பெறும் பள்ளி சேர்த்தி இல்லை. என் வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின. மகளைச் சேர்த்த வருடத்தில் அந்தச் சட்டமே இல்லையே, யாரை நோவது?

2023ல் இளையவள் ஐந்தாவது முடித்தாள். மாநகராட்சிப் பள்ளி என்றதும், "காசு குடுத்தாதான்டிம்மா படிப்பு ஏறும்' என்றார் மாமியார். "சமச்சீர் கல்வி வந்த 2011லிருந்து மெட்ரிகுலேஷனுக்கும் மாநகராட்சிக்கும் ஒரே புத்தகம்தான் அத்தை' என்றேன். அதே சமயம், சலுகைக்காக கண்ணை மூடிக் கொண்டு சேர்க்கவும் மனம் வரவில்லை. மூன்று பள்ளிகளுக்கு நேரில் போனேன்.

முதல் பள்ளி, வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடை. பத்தாவதில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று வாசலில் பேனர். விசாரித்தால், பரீட்சை எழுதியதே முப்பது பேர்தான். பத்தாவதோடு பள்ளியும் முடிந்து விடும்.

இரண்டாவது, பிளஸ் 2 வரை உள்ள பள்ளி. புதுக் கட்டடம், பளபளவென்று இருந்தது. சாயங்காலம் பள்ளி விட்டு வந்த பெண்களிடம், "பாத்ரூம்ல தண்ணி வருதாம்மா?' என்று கேட்டேன். "வராது ஆன்ட்டி. அதனால நாங்க தண்ணியே குடிக்க மாட்டோம்' என்றாள் ஒருத்தி. வயிற்றைப் பிசைந்தது.

மூன்றாவது, பஸ்சில் இருபது நிமிடம். பழைய கட்டடம்தான், தேர்ச்சி 94 சதவீதம். "ஒன்பதாவதுல சுமாரா படிக்கிற புள்ளைங்களுக்கு டி.சி., கொடுத்து அனுப்பினா, நாங்களும் நூறு காட்டலாம்மா; அந்தப் பாவம் எங்களுக்கு வேண்டாம்' என்றார் தலைமை ஆசிரியை. பிளஸ் 1ல் உயிரியல், கம்ப்யூட்டர் சயின்ஸ், வணிகவியல் மூன்று குரூப்பும் இருந்தன. குழாயைத் திறந்து பார்த்தேன்; தண்ணீர் கொட்டியது. இலவச பஸ் பாஸ் உண்டு. அங்கேயே சேர்த்தோம்.

எல்லாமே சொர்க்கம் என்று சொல்ல மாட்டேன். ஏழாம் வகுப்பில் கணக்கு டீச்சர் இடம் மாறிப் போய், மூன்று மாதம் ஆள் இல்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். அம்மாக்கள் சேர்ந்து மனுக் கொடுத்தோம், டீச்சர் வந்தார்.

சகோதரிகளே, ஆறாம் வகுப்பில் சேர்க்கும் முன் நான்கு விஷயம் கேளுங்கள். அரசுப் பள்ளியா, உதவி பெறும் பள்ளியா? பிளஸ் 2 வரை உண்டா, என்னென்ன குரூப்? பரீட்சை எழுதியவர்கள் எத்தனை பேர்? பாத்ரூமில் தண்ணீர் வருகிறதா? கடைசிக் கேள்விக்கு மட்டும் ஆபீசில் பதில் தேடாதீர்கள்; வாசலில் நின்று பிள்ளைகளிடம் கேளுங்கள்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை.