செல்போனுக்குள் ஒரு பணப்பெட்டி: சாவி யார் கையில்?



போன மாதம் நம் கூட்டமைப்பின் செயற்குழுக் கூட்டத்தில் ஒரு குழுவின் ஊக்குநர் எழுந்து ஒரு விஷயம் சொன்னார். அவர் குழுவில் உள்ள ஓர் அக்கா, மாடு வாங்க வேண்டும் என்று 40,000 ரூபாய் உள்கடன் வாங்கியிருந்தார். அதில் 25,000 ரூபாயை மகனுக்குக் கொடுத்துவிட்டார். மகனுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. "கிரிப்டோன்னு ஒண்ணு இருக்கும்மா, மூணு மாசத்துல திருப்பித் தந்துடறேன்" என்று சொல்லியிருக்கிறான்.

அவன் வாங்கியது உண்மையான கிரிப்டோதான். அதுவரை யாரும் அவனை ஏமாற்றவில்லை. ஒரு நாள் அதை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு அனுப்பும்போது பாதியில் நின்றுவிட்டது. டெலிகிராமில் உதவி கேட்டிருக்கிறான். கம்பெனி முத்திரை போட்ட படத்தோடு ஒருத்தன் வந்து, "கவலைப்படாதீங்க தம்பி, உங்க பன்னிரண்டு வார்த்தையை இந்தப் பக்கத்துல போடுங்க, சரிபார்த்துடலாம்" என்றான். போட்டான். பத்து நிமிடத்தில் வாலெட் காலி.

அந்த அக்கா கூட்டத்துக்கே வந்திருந்தார். அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "பேங்க்ல எழுதிக் குடுத்தா திரும்ப வருமா?"

வராது. ஏன் வராது என்று கேட்டபோது கூட்டத்தில் பாதிப் பேருக்குச் சொல்லத் தெரியவில்லை, எங்களையும் சேர்த்துத்தான். விசாரித்துத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம். கிரிப்டோ வாங்குங்கள் என்று சொல்வதற்காக அல்ல. வாங்கியவர்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். பிள்ளைகள் செல்போனில் இருக்கிறது, சிலருக்கு வீட்டுக்காரர் செல்போனில் இருக்கிறது. போட்ட காசு நம் காசாகவும் இருக்கலாம்.

முதலில், அது என்ன? கையில் பிடிக்கிற காசு இல்லை. ஒரு கணக்குதான். நம் குழுவின் ரொக்கப் புத்தகம் ஒன்றே ஒன்று, ஊக்குநர் கையில் இருக்கிறது. அதே புத்தகத்தின் பிரதி ஊரில் எல்லார் வீட்டிலும் இருந்து, ஒருவர் எழுதியதும் எல்லாப் புத்தகத்திலும் பதிவானால் எப்படி இருக்கும்? யாரும் தனியாக அழித்து எழுத முடியாது அல்லவா. அப்படி உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களில் இருக்கும் பேரேட்டில்தான் இந்தக் கணக்கு ஓடுகிறது. 2009 ஜனவரியில் தொடங்கிய பிட்காயின்தான் இதில் முதலாவது.

அழிக்க முடியாது என்பதில் ஒரு நல்லதும் உண்டு, ஒரு கெட்டதும் உண்டு. திருடன் தன் பெயருக்கு மாற்றிவிட்டால் அதையும் அழிக்க முடியாது! வங்கியில் தவறு நடந்தால் மேலாளரிடம் போய் நிற்கலாம். இதற்கு மேலாளரே கிடையாது. வங்கி மூழ்கினால்கூட, ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை வைப்புத்தொகைக் காப்பீடு உண்டு. கிரிப்டோவுக்கு அந்தக் காப்பீடு கிடையாது. 2013 டிசம்பரிலேயே ரிசர்வ் வங்கி இதுபற்றி மக்களை எச்சரித்தது. 2022 ஏப்ரல் முதல் இதில் வரும் லாபத்துக்கு 30 சதவீதம் வரி போடுகிறார்கள். வரி வாங்குவதால் அரசாங்கம் இதை நம் ரூபாய் போல ஏற்றுக்கொண்டது என்று நினைத்துவிடக் கூடாது. சட்டப்படி இது பணம் இல்லை.

இனி அந்தப் பன்னிரண்டு வார்த்தைக்கு வருவோம். விஷயமே அதில்தான் இருக்கிறது.

வாலெட் என்றால் பர்ஸ் என்று நினைக்கிறோம். உண்மையில் அதற்குள் காசு இல்லை. காசு அந்தப் பொதுப் பேரேட்டில் இருக்கிறது. வாலெட்டில் இருப்பது சாவி மட்டும்தான். அந்தச் சாவி நீளமான எண். மனிதர் நினைவில் வைக்க முடியாது என்பதால் அதைப் பன்னிரண்டு ஆங்கிலச் சொல்லாக மாற்றித் தருகிறார்கள். சில வாலெட்டில் இருபத்து நாலு. எல்லாம் சாதாரணச் சொற்கள்தான். 2,048 சொற்கள் உள்ள ஒரு பட்டியலிலிருந்து எடுத்து வரிசைப்படுத்தியவை. சாதாரணச் சொல்தானே, யாராவது ஊகித்துவிட மாட்டார்களா என்று கேட்டோம். முடியாதாம். பன்னிரண்டும் அதே வரிசையில் வர வேண்டும். கம்ப்யூட்டரை ஆயுசு முழுக்க ஓட விட்டாலும் கிடைக்காது.

அதனால்தான் திருடன் பூட்டை உடைப்பதில்லை. சாவியை நம்மிடமே கேட்டு வாங்குகிறான். நம்மைக் கேட்காமல் எடுப்பதென்றால், நாம் சாவியை வைத்த இடத்தைத் தேடுகிறான். "ஹேக்கர்" என்றதும் இருட்டறையில் கம்ப்யூட்டர் தட்டுகிற ஆளை நினைக்கிறோம். அந்த அக்கா மகனிடம் வந்தவன் ஒன்றும் தட்டவில்லை. தம்பி என்று கூப்பிட்டான், அவ்வளவுதான்.

ஆகவே, அந்தச் சொற்களைக் கேட்பவர் யாராக இருந்தாலும் திருடன்தான். கம்பெனிக்காரன் என்பான், போலீஸ் என்பான், வரித்துறை என்பான். உண்மையான வாலெட் கம்பெனி ஒருநாளும் கேட்காது. புது செல்போனில் பழைய வாலெட்டைத் திறக்கும்போது மட்டும், நாமாகவே அதே செயலியில் அந்தச் சொற்களைப் போடுவோம். வேறு எந்தப் பக்கத்திலும், எந்தப் படிவத்திலும் போடக் கூடாது.

சரி, அதை எங்கே வைப்பது? பெரும்பாலான பிள்ளைகள் செல்போனில் போட்டோ எடுத்து வைக்கிறார்கள். சிலர் வாட்ஸ்அப்பில் அம்மாவுக்கே அனுப்பி, "அழிச்சிடாதம்மா" என்கிறார்கள். இதுதான் மிக ஆபத்து. கேலரியில் உள்ள படங்களைப் படித்து, அவற்றில் இந்தச் சொற்கள் இருக்கிறதா என்று தேடி எடுக்கும் ஒரு திருட்டு நிரலை 2025 பிப்ரவரியில் காஸ்பர்ஸ்கி என்ற பாதுகாப்பு நிறுவனம் கண்டுபிடித்துச் சொன்னது. கூகுள் ப்ளே ஸ்டோரிலேயே, ஆப்பிள் ஸ்டோரிலும்கூட, சாதாரணச் செயலிகளுக்குள் அது ஒளிந்திருந்தது. ஸ்டோரில் இருப்பதற்கே இப்படி என்றால், தெரியாதவர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் செயலிக் கோப்பைத் திறப்பது பற்றிச் சொல்லவே வேண்டாம்.

காகிதம்தான் நல்லது. ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர்களும் எழுத்தைப் பார்த்து எழுத்தாக எழுதி, 1 முதல் 12 வரை எண் போட்டு வைக்கலாம். இரண்டு பிரதி, இரண்டு இடத்தில். ஒன்று நம் வீட்டுப் பெட்டியில், இன்னொன்று நம்பிக்கையான வேறு இடத்தில். அரிசிப் பானைக்குள் போடாதீர்கள், எலி எந்தக் காகிதத்தையும் விடாது. நனைந்துவிடும் என்று லேமினேஷன் கடைக்கோ ஜெராக்ஸ் கடைக்கோ கொண்டு போகவும் கூடாது, பிளாஸ்டிக் உறையில் போட்டால் போதும். வெளிநாட்டில் சிலர் இந்தச் சொற்களை எவர்சில்வர் தகட்டில் தாங்களே குத்தி வைக்கிறார்கள், தீ பிடித்தாலும் மிஞ்சும் என்று. நல்ல யோசனைதான். ஆனால் பாத்திரக்கடையில் பேர் வெட்டுகிறவரிடம் கொடுத்து வெட்டச் சொன்னால் கதை கெட்டது!

இன்னொன்று. வங்கிக் கணக்கில் வாரிசு நியமனம் போடுகிறோம். இந்த வாலெட்டில் அப்படி ஒரு இடமே இல்லை. பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால், காகிதம் எங்கே இருக்கிறது என்று தெரியாத குடும்பத்துக்கு ஒரு பைசா வராது. வேல்ஸ் நாட்டில் நியூபோர்ட் என்ற ஊர்க்காரர் ஒருவரின் கதை உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. சுமார் 8,000 பிட்காயினுக்கான சாவி இருந்த கம்ப்யூட்டர் தகடு 2013இல் குப்பையோடு போய்விட்டது. குப்பைக் கிடங்கைத் தோண்ட அனுமதி கேட்டு கோர்ட் வரை போனார், கிடைக்கவில்லை. ஆகவே சொற்களைச் சொல்ல வேண்டாம். காகிதம் இருக்கும் இடத்தை மட்டும் வீட்டில் ஒருவருக்குச் சொல்லி வைக்கச் சொல்லுங்கள்.

"எங்க பையன் அந்த மாதிரி சொல் எதுவும் வாங்கலையே, ஒரு செயலியில பணம் கட்டி வாங்கினான்" என்று சில உறுப்பினர்கள் சொன்னார்கள். அப்படியென்றால் அவன் பரிமாற்ற நிறுவனத்தில் வைத்திருக்கிறான். சாவி நிறுவனத்திடம் இருக்கிறது, நம்மிடம் கடவுச்சொல் மட்டும்தான். நம் வீட்டுப் பெட்டியில் வைக்காமல் இன்னொருவர் வீட்டுப் பெட்டியில் வைப்பது போல.

அந்தப் பெட்டியும் திருடு போகும். 2024 ஜூலை 18 அன்று இந்தியாவின் பெரிய பரிமாற்ற நிறுவனமான வாசிர்எக்ஸிலிருந்து சுமார் 2,000 கோடி ரூபாய் மதிப்புள்ள கிரிப்டோ திருடப்பட்டது. இது எப்படி நடந்தது என்பதை நம் குழுக்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் அவர்களும் நம்மைப் போலத்தான் கூட்டுக் கையெழுத்து வைத்திருந்தார்கள். நமக்கு வங்கியில் பணம் எடுக்க ஊக்குநரும் பிரதிநிதியும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். அவர்களுக்கு ஆறு பேருக்கு உரிமை, நாலு பேர் ஒப்புதல் வேண்டும். அந்த நிறுவனம் கொடுத்த விளக்கப்படி, திரையில் தெரிந்தது ஒன்று, கையெழுத்து விழுந்தது வேறொன்றுக்கு. 2025 பிப்ரவரியில் பைபிட் என்ற வெளிநாட்டு நிறுவனத்திலும் இதே போல நடந்தது, சுமார் 150 கோடி டாலர் போனது. இரண்டையும் செய்தது வடகொரியக் கூட்டம் என்று அமெரிக்க அரசு சொல்கிறது.

பூர்த்தி செய்யாத செக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வயலுக்குப் போகிற பிரதிநிதிகள் நம்மிடமும் உண்டு. யார் என்று எழுத மாட்டோம், அவர்களுக்கே தெரியும்.

வாலெட்டிலும் இதே கதைதான். "இலவசமாக நாணயம் தருகிறோம், இங்கே தொடுங்கள்" என்று வரும். தொட்டால், "என் வாலெட்டிலிருந்து நீ எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்" என்று அனுமதிக் கையெழுத்துப் போட்டதாக ஆகிவிடும். பன்னிரண்டு சொல்லைக் கொடுக்காமலே பணம் போய்விடும். என்ன எழுதியிருக்கிறது என்று புரியாத பக்கத்தில் ஒப்புதல் கொடுக்கக் கூடாது.

பணம் அனுப்பும்போது முகவரியைப் பார்ப்பதும் முக்கியம். அது எழுத்தும் எண்ணுமாக நீளமாக இருக்கும். எல்லாரும் முதல் நாலையும் கடைசி நாலையும் மட்டும் பார்ப்பார்கள். திருடனுக்கு அது தெரியும். முதலும் கடைசியும் ஒன்றாக இருக்கும்படி போலி முகவரி தயாரித்து, பழைய கணக்கு வரிசையில் நுழைத்துவிடுகிறான். நடுவிலும் பார்க்க வேண்டும். பெரிய தொகை என்றால் முதலில் நூறு ரூபாய் அளவுக்கு அனுப்பி, போய்ச் சேர்ந்ததா என்று கேட்டுவிட்டு மீதியை அனுப்பலாம். பரிமாற்ற நிறுவனத்தில் வைத்திருப்பவர்கள் கடவுச்சொல்லோடு இரண்டாவது பூட்டும் போட வேண்டும். அந்த இரண்டாவது எண் எஸ்எம்எஸ்ஸில் வருவதைவிட, அதற்கென்று உள்ள செயலியில் வருவது நல்லது. ஏனென்றால் நம் பெயரில் போலியாக வேறு சிம் வாங்கி எஸ்எம்எஸ்ஸைப் பிடித்துவிடுகிறார்கள்.

இதெல்லாம் உண்மையான வாலெட் பற்றி. நம் கிராமங்களுக்கு வருவதில் பலவும் வாலெட்டே இல்லை. செயலி ஒன்றைக் கொடுத்து, "5,000 போடுங்க, தினமும் ஏறும்" என்கிறான். திரையில் ஏறுகிறது. முதல் வாரம் 500 ரூபாய் எடுக்கவும் விடுகிறான். அதைக் காட்டி நாலு பேரைச் சேர்க்கச் சொல்கிறான். பெரிய தொகையை எடுக்கப் போனால், "முதலில் வரி கட்டுங்க" என்கிறான். வரியை நமக்கு வரும் தொகையில் பிடிப்பார்களே தவிர, முன்பணமாகக் கேட்க மாட்டார்கள். கேட்டால் அங்கேயே நிறுத்த வேண்டும். எல்லாம் போன பிறகு, "இழந்த பணத்தை மீட்டுத் தருகிறேன்" என்று இன்னொருவன் வருவான். அவனும் அதே கூட்டம்தான்.

ஏமாந்தது தெரிந்தால் உடனே என்ன செய்வது? கடவுச்சொல்லை மாற்றினால் போதும் என்று நினைக்காதீர்கள். சொற்கள் திருடன் கையில் இருக்கும்வரை பழைய வாலெட் அவனுடையது. புதிதாக வாலெட் தொடங்கி, புதுச் சொற்களைக் காகிதத்தில் எழுதி, மிச்சம் இருப்பதை அங்கே மாற்ற வேண்டும். சந்தேகமான செயலி இருந்த செல்போனில் அதைச் செய்யாமல், வேறு செல்போனில் செய்ய வேண்டும். அதே நேரத்தில் 1930 என்ற எண்ணுக்குப் போன் போட்டுப் புகார் சொல்ல வேண்டும். அனுப்பிய முகவரி, பரிவர்த்தனை எண், பேசிய செய்திகள் எதையும் அழிக்காமல் படம் எடுத்து வைக்கவும். வெட்கப்பட்டு வாரக்கணக்கில் மறைப்பதுதான் திருடனுக்கு வசதி. திரும்பக் கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. ஆனால் வங்கி வழியாகப் போன தொகையை, சீக்கிரம் சொன்னால் வழியிலேயே நிறுத்த வாய்ப்பு உண்டு.

குழுப் பணம் பற்றிச் செயற்குழுவில் நீண்ட நேரம் பேசினோம். குழுச் சேமிப்பிலிருந்தோ உள்கடனிலிருந்தோ கிரிப்டோவுக்குப் பணம் கொடுப்பதில்லை என்று தீர்மானம் எழுதியிருக்கிறோம். கடன் வாங்கிய காரியத்துக்கே செலவானதா என்று அடுத்த மாதமே பார்ப்பது என்றும் முடிவானது. முன்பு அதைச் செய்துகொண்டுதான் இருந்தோம், இரண்டு வருடமாக விட்டுவிட்டோம்.

அந்த அக்கா கையில் மிச்சமிருந்த 15,000 ரூபாயைக் குழுவிலேயே திருப்பிக் கட்டிவிட்டார். மீதிக்குக் குழு தவணையை நீட்டிக் கொடுத்திருக்கிறது. மகன் மாதம் 2,000 ரூபாய் அனுப்புகிறான். மாடு இன்னும் வாங்கவில்லை.