சிறு துண்டும் பெரிய கல்லும்

உலைக்களத்தில் வேலை செய்யும் ஒருவர் சென்ற மாதம் தொலைபேசியில் கேட்டார்: "உலைச் செங்கல்லின் சிறு துண்டு பரிசோதனையில் நல்ல பாரம் தாங்கியதாம். எங்கள் உலைக் கூரையில் அதே கல் ஏன் உடைந்தது?" சூடேறிக் குளிர்வது ஒரு காரணம். மற்றது, துண்டின் அளவு. நான் வணிகம் படித்த கணக்காளன்தான். ஆனாலும் இது கணக்காய்வுக்கு நெருங்கிய விடயம்.

இலண்டனில் பிறந்த ஏ. ஏ. கிரிபித், பார்ன்பரோ விமான ஆய்வு நிலையத்தில் கண்ணாடி இழைகளை இழுத்து முறித்துப் பார்த்தார். கட்டுரை 1921இல் ரோயல் சொசைட்டி இதழில் வெளிவந்தது. ஒரு மில்லிமீற்றர் தடிப்புள்ள இழை சதுர அங்குலத்துக்குச் சுமார் 25,000 இறாத்தல் தாங்கியது. ஆக மெல்லிய இழையோ 490,000! கண்ணாடி ஒன்றுதான். கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகளே காரணம் என்றார் அவர்.

பத்துப் பக்கப் பேரேட்டைவிட ஆயிரம் பக்கப் பேரேட்டில் பெரும்பிழை ஒன்று கிடக்கும் வாய்ப்பு அதிகம் அல்லவா? கல்லும் அப்படியே. ஆனால் கல்லில் சராசரி உதவாது. ஆக மோசமான ஒரு வெடிப்புப் போதும். சுவீடனின் வைபுல் 1939இல் இதற்குச் சூத்திரம் தந்தார். அதில் வரும் சீர்மை எண் 10 என்றால், 1 சென்ரிமீற்றர் கனத்துண்டைவிட 10 சென்ரிமீற்றர் கனத்துண்டின் வலிமை பாதிதான்.

உலைச் செங்கல்லில் பருமணிகள் ஓடும் வெடிப்பைத் தடுப்பதால் இறக்கம் அவ்வளவு இராமலும் போகலாம். ஆனால் மணியளவுக்குத் துண்டை வெட்டினால் அளப்பது கல்லையல்ல, மணியை.

"பெறுபேற்றுத் தாளில் துண்டின் அளவைப் பாருங்கள்" என்றேன். மறுநாள் அழைத்தார். அளவு எழுதப்படவே இல்லையாம்.